கம்ப்ரஸர் இல்லாத குளிர்

யாங்கோனில் ஓடுகிற ஃப்ரிட்ஜ்களில் பாதி கரண்டால் ஓடவில்லை, ஊ யேகேக்குப் பயந்துதான் ஓடுகின்றன என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்ய நான் தயார். 'ஊ' என்பது பர்மியர்கள் பெரிய மனிதர்களுக்குப் போடுகிற மரியாதை. 'யேகே' என்றால் ஐஸ். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்தபோது பார்த்தேன். பபேடான் பேட்டையில் எங்கள் தெருவுக்கு அந்தப் பெயர் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை.

என்னுடையது போட்டோகாப்பிக் கடை. படிவம் நிரப்புவது, கடிதம் அடித்துக் கொடுப்பது எல்லாம் உண்டு. எதிர்க்கடை அவருடையது. வாசலில் கதவு கழற்றிய ஃப்ரிட்ஜ்கள், பல் டாக்டரிடம் வந்தவர்களைப் போல வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். வியாதியைக் கண்டுபிடிக்க அவரிடம் மீட்டர் கீட்டர் ஒன்றும் கிடையாது. நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் நுனியைக் கம்ப்ரஸர் மேல் வைப்பார், பிடியைக் காதில் வைத்துக்கொள்வார், கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தீர்ப்பு. "வால்வு அடிக்குது. இத இனிமே ஓட்டாதீங்க. ஓட்டுனா செத்துரும்." மேல்முறையீடு கிடையாது.

கடைச் சுவரில் தமிழிலும் பர்மிய மொழியிலும் ஒரு பலகை மாட்டியிருந்தார்: 'ஐஸைக் குத்தாதீர்.' ஃப்ரீஸரில் கட்டிப்போன ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்த்து, உள்ளே ஓடுகிற குழாயையும் ஓட்டை போட்டுவிட்டு வருகிற பெண்மணிகள்தான் அவருக்கு ஜென்ம விரோதிகள். ஒரு பெரிய அதிகாரியின் மனைவியையே நிற்கவைத்துக் கேட்டார்: "ஐஸ் ஒங்களுக்கு என்னம்மா கெடுதல் பண்ணுச்சு? கதவத் தொறந்து வச்சா அதுவே போயிரப் போகுது. குத்துறதுக்குக் கை எப்புடி வருது?" அந்த அம்மாள் ஐஸிடம் மன்னிப்புக் கேட்காத குறை.

இவ்வளவு நல்ல மனிதரிடம் ஒரே ஒரு கோளாறு. ஒரு வேலையைத் தொட்டால் விடத் தெரியாது. பசுந்தாங்கில் ஒரு வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் பார்க்கப் போனவர் இரண்டு நாள் திரும்பவில்லை. அது குளிர்கிற வரை எழுந்திருக்கமாட்டேன் என்று அங்கேயே பாயைப் போட்டுவிட்டார். மறுநாள் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கல்யாணம். சாவியை இவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது ஃப்ரிட்ஜ் குளிர்ந்துகொண்டிருந்தது, இவர் அவர்கள் வீட்டு மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இதுவரை சிரிப்பு. போன வருடம் நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தில் ஆறாம் மாடி வீடு. ஏறி முடித்ததும் நெஞ்சு வலித்திருக்கிறது. மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? இவர் உட்கார்ந்து கேஸ் நிரப்பி, கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை வைத்துப் பார்த்து, வீட்டுக்காரர் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு, அதற்குப் பிறகு இறங்கி நடந்தே கிளினிக்குக்குப் போயிருக்கிறார். டாக்டர் கையெடுத்துக் கும்பிடவில்லை, அவ்வளவுதான்.

செய்தி கோலாலம்பூருக்கு எட்டியது. அங்கே அவருடைய ஒரே மகள் மீனா கணக்காளர் வேலையில் இருக்கிறாள். அம்மா போய்ப் பல வருடமாகிறது. அறுபத்தொரு வயது அப்பா இங்கே ஒற்றை ஆளாக ஃப்ரிட்ஜ் சுமக்கிறார் என்றால் எந்த மகளுக்குத்தான் தூக்கம் வரும்? "கடையப் பூட்டிட்டு இங்க வந்துருங்கப்பா" என்று தினம் தினம் போன். தெருவே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார் என்பதால் எங்கள் எல்லோருக்கும் இந்த வழக்கு மனப்பாடம்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவருடைய கைப்பேசியில் ஏதோ ஒரு புண்ணியவான் பைக்கால் ஏரியை அனுப்பிவைத்தான். சைபீரியாவில் கடல் மாதிரி ஒரு ஏரி. குளிர்காலத்தில் கரைக்குக் கரை கண்ணாடியாக உறைந்து கிடக்குமாம். பத்திரமான வழி பார்த்து, சறுக்கு வண்டியில் கூடாரமும் சாப்பாடும் வைத்து இழுத்துக்கொண்டு, தன்னந்தனியாக நடந்தே கடக்கிற பைத்தியங்கள் உலகத்தில் இருக்கிறார்களாம். ஊ யேகே அதை என் கடையில் வைத்து ஏழு தடவை பார்த்தார்.

"நாப்பது வருஷமா குளுர நான் செஞ்சு செஞ்சு குடுத்தேன் தங்கச்சி. கேஸ் இல்லாம, கரண்ட் இல்லாம, கம்ப்ரஸர் இல்லாம அங்கன தானா கெடக்குது பாரு. ஒரு தரம் போயிப் பாத்துரணும்."

"அதான் போன்லயே பாத்தாச்சேண்ணே."

அன்று சாயங்காலம் மீனாவின் போன் வந்தது. வழக்கமான வாதம், வழக்கமான பதில். நடுவில் இவர் ஏரியை இழுத்தார். அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "சரிப்பா, அந்த ஏரியத் தாண்டிக் காட்டுங்க. அப்புறம் நான் ஒங்கள இங்க வாங்கன்னு கூப்புடவே மாட்டேன். முடியலன்னா மறுபேச்சுப் பேசாம கடையப் பூட்டிட்டு வந்துரணும். சரியா?"

பாவம், வாய் தவறி வந்த வார்த்தை. ஊ யேகே "சரி" என்றார். தெரு முழுவதும் சாட்சி.

மறுநாள் காலை விசா படிவத்தோடு என் முன்னால் வந்து நின்றார். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'குளிர் பார்க்க' என்று எழுதச் சொன்னார். நான் சுற்றுலா என்று எழுதினேன். எனக்கு அந்தப் படிவத்தைக் கிழித்துப் போடத்தான் ஆசை. ஆனால் அவர் போகாமலே தோற்றால் எதிர்க்கடைக்குப் பூட்டு. போய்த் தோற்றாலும் பூட்டு. அவர் ஜெயித்தால்தான் எங்கள் தெருவில் இருப்பார். அதனால் ஒரு கிழவரை உறைந்த ஏரி மேல் அனுப்புவதற்கு நானே ஒத்தாசை செய்தேன். டிக்கெட்டுக்காக அவர் இருபது வருடமாகச் சேர்த்துவைத்திருந்த செத்த கம்ப்ரஸர்களை எடைக்குப் போட்டார்.

பயிற்சி தொடங்கியது. குளிர்க்கோட்டுக்குப் பஞ்சமில்லை. கொரியாவிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற பழைய துணியில், யாங்கோனில் யாரும் சீந்தாத பஞ்சுக் கோட்டுகள் நிறைய இருக்கும். சறுக்கு வண்டிக்கு ஒரு பெரிய ஃப்ரீஸரின் மூடி. அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே அரிசி மூட்டை ஏற்றி, எதிர் வரிசையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாயிடம் கயிறு வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டார். தெருவில் இழுத்தால் டாக்ஸிக்காரர்கள் திட்டுகிறார்கள் என்று, ஞாயிறுதோறும் படகேறி ஆற்றுக்கு அக்கரையில் டாலாவுக்குப் போய்விடுவார்.

டாலாவில் நம்மவர்கள் கொஞ்சப் பேர் குடியிருக்கிறார்கள். உச்சி வெயிலில் ஒரு பெரியவர் பஞ்சுக் கோட்டோடு, இடுப்பில் கயிறு கட்டி, எதையோ இழுத்துக்கொண்டு வரப்பில் போகிறார். அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஏதோ கடுமையான வேண்டுதல் என்று ஓடிவந்து, அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். இல்லையம்மா, இது ஏரி விஷயம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல அவருக்கு ஆனாடே. பர்மாவில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய விஷயம் இது: அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூசுகிற கூச்சத்துக்கு இங்கே ஆனாடே என்று பெயர். மூன்றாவது ஞாயிறு இவர் படகிலிருந்து இறங்கும்போதே குடத்தோடு காத்திருந்தார்கள். நான்காவது ஞாயிறு சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிற ஒருவர் தன் வண்டியை நிறுத்திவிட்டுக் கூடவே நடந்திருக்கிறார். இவர் வேறு வழியில்லாமல் விபூதிப் பொட்டலம் எடுத்துப்போக ஆரம்பித்தார்.

குளிருக்குப் பயிற்சி பசுந்தாங்கில். அங்கே மீன் வைக்கிற குளிர் அறை ஒன்று இவருடைய பராமரிப்பில் இருந்தது. கோட்டு, குல்லாய், கையுறை சகிதம் உள்ளே போய், உறைந்த மீன் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அவல் சாப்பிட்டுப் பழகுவார். ஆனால் இப்போதைய மின்வெட்டில் குளிருக்கு எங்கே போவது? காலையில் கிளம்பியவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுவார்.

"என்னண்ணே, பயிற்சி இல்லையா?"

"சைபீரியாவுல கரண்ட் போயிருச்சு. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தொறக்குமாம்."

பிப்ரவரி கடைசியில் புறப்பட்டார். பாய் புதுக் கயிறு ஒரு சுருள் கொடுத்தார். "ஒங்களுக்காகத் துஆ செய்யுறேன். கயிறு மட்டும் திரும்பி வரணும், ஆளோட சேத்து" என்றார். நான் அவருக்கு ஒரு தாள் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தேன். ஒரு பக்கம் மீனாவின் எண், மறு பக்கம் என் எண். அதை அவர் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். நான் அவரைத் திட்டிவிட்டுக் கடைக்குள் வந்துவிட்டேன்.

விமானம், அப்புறம் ஒன்றரை நாள் ரயில். ஏரிக்கரை ஊரில் இருக்கிற மீட்புப் படை அலுவலகத்தில் பெயரையும் வழியையும் எழுதிக் கொடுத்தார். அகலம் குறைந்த தெற்குப் பக்கம், நாற்பது கிலோமீட்டர் சொச்சம், மூன்று நாள் நடை. சாப்பாட்டை அவர் ஒரு தெர்மோகோல் பெட்டியில் வைத்திருந்தார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம், இந்தக் குளிரில் ஐஸ் பெட்டியா என்று. "குளுர உள்ள நிறுத்துற பொட்டி, குளுர வெளியவும் நிறுத்தும்" என்று இவர் தமிழிலேயே விளக்கியிருக்கிறார். வெளியே கரையில் அவர்கள் உறைந்த ரொட்டியைக் கல்லைக் கடிப்பதுபோலக் கடித்தபோது இவர் மெத்தென்று லெமன் சாதம் சாப்பிட்டார்.

முதல் நாள் குரல் செய்தி வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "தங்கச்சி, நான் ஏரி மேல நிக்கிறேன். கீழ குனிஞ்சா அடியில வரைக்கும் நீலமாத் தெரியுது. படுத்துக்கிட்டேன். ஸ்குரூ டிரைவர வச்சிக் கேட்டேன். கம்ப்ரஸர் இல்லன்னு சொன்னேன்ல, அது பொய். அடியில என்னமோ ஓடுது. பெருசா, மெதுவா ஓடுது. நல்ல மிசினு." பிறகு காற்றுக்கு நடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் அழுதார் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள் காலைச் செய்தியைக் கேட்டபோது எனக்கு எரிச்சலும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கூடாரம் பறக்காமல் இருக்க, அதற்கென்று இருக்கிற இரும்புத் திருகாணிகளை ஐஸில் முறுக்கி இறக்கிக் கட்ட வேண்டும். இவர் ஆணியைக் கையில் எடுத்திருக்கிறார். நாற்பது வருடம் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனிதரல்லவா, கை வரவில்லை. "அவ்வளவு அழகா, ஒரு கீறல் இல்லாம கெடக்குது தங்கச்சி. அது மேல போயி நான் ஓட்ட போடுறதா? ஆனாடே." ஏரியிடம் ஆனாடே பார்த்த ஒரே ஆள் உலகத்தில் இவராகத்தான் இருப்பார்.

அதனால் கூடாரத்தைச் சறுக்கு வண்டியோடு கட்டிவிட்டுப் படுத்துவிட்டார். விடிகிற நேரத்தில் காற்று எழுந்தது. கூடாரம், வண்டி, உள்ளே தூக்கப்பையில் கழுத்துவரை ஜிப் போட்ட ஊ யேகே, எல்லோரும் சேர்ந்து கண்ணாடித் தரையில் ஊர்வலம் புறப்பட்டார்கள். ஜிப் உறைந்துபோய்த் திறக்கவில்லை. ஒரு பனி மேட்டில் முட்டி நின்றபோது, முந்தின நாள் மத்தியானம் கடந்த இடம் மறுபடி வந்திருந்தது. அரை நாள் நடை வீண். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆணிக்கும் ஐஸைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு முறுக்கினாராம்.

மூன்றாம் நாள் காலை ஒரே ஒரு வரி: "முன்னால ஒரு வெடிப்பு இருக்குது. கேட்டுப் பாக்கணும்." அவ்வளவுதான். எங்கள் தெருவில் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் கைப்பேசிக் கோபுரமும் செத்தது. அன்று பகல் முழுவதும் நான் எத்தனை பேருக்கு எந்தப் படிவத்தை நிரப்பினேன் என்று எனக்குத் தெரியாது. பாய் இரண்டு தடவை வந்து என் கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். விடத் தெரியாத மனிதர் அவர். ஆறாம் மாடியில் நெஞ்சு வலியோடு கேஸ் நிரப்பியவர், ஒரு வெடிப்பைப் பார்த்தா நிற்பார்? நானே நிரப்பிக் கொடுத்த விசா படிவம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

சாயங்காலம் தெருவே "மீ லாபி, மீ லாபி" என்று கத்தியது. கரண்ட் வந்துவிட்டது என்று பர்மாவில் எல்லோரும் கத்துகிற கத்தல் அது. கொஞ்ச நேரத்தில் கைப்பேசிக்கும் உயிர் வந்தது. செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கடைசிச் செய்தியை முதலில் அழுத்தினேன்.

"திரும்பி நடக்குறேன் தங்கச்சி. மீனாகிட்டச் சொல்லிரு."

நடந்தது இதுதான். பாதிக்கு மேல் கடந்தாகிவிட்டது. அக்கரையில் ரயில் போவதே கண்ணுக்குத் தெரிந்தது. குறுக்கே ஒரு நீளமான வெடிப்பு. இவர் முட்டி போட்டு, ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்து இரண்டு மணி நேரம் கேட்டார். வால்வு அடிக்கிற சத்தம் மாதிரி ஒன்று கேட்டதாம். அந்த நேரம் பார்த்து ஒரு மீனவன் பனி ஸ்கூட்டரில் வந்து, இவருக்குக் கையசைத்துவிட்டு, அதே வெடிப்பின் மேல் தடதடவென்று தாண்டிப் போய்விட்டான். ஒன்றும் ஆகவில்லை. இவர் இன்னொரு தடவை கேட்டார். வண்டியைத் திருப்பினார்.

புறப்பட்டுப் பதினாறு நாள் கழித்து, மூக்கு நுனி கறுத்துப்போய் வந்து சேர்ந்தார். பாயின் கயிற்றைச் சுருட்டிக் கொடுத்தார். மறுநாளே கடையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார். வாக்கு என்றால் வாக்கு. கருவிகளைத் தனித்தனியாக எண்ணெய்த் துணியில் சுற்றி, யார் யாருக்கு என்று சீட்டு அடித்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். நான் அடிக்கவில்லை. மிஷின் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். ரிப்பேர் என்ற வார்த்தையை அவரிடமா சொல்வது? உடனே ஸ்குரூ டிரைவரோடு வந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் மீனாவின் போன். வழக்கம்போல ஸ்பீக்கர்.

"அப்பா, அந்த மீன்காரன் தாண்டிப் போனான்ல. அவனுக்கு ஒண்ணும் ஆகலல்ல?"

"ஆகலம்மா."

"அப்ப ஐஸ் நல்லாத்தான் இருந்துருக்கும்."

"இருந்துருக்கலாம். எனக்குக் கேட்டது சரியில்ல."

"கரை கண்ணுக்குத் தெரிஞ்சுச்சா?"

"ரயிலே தெரிஞ்சுச்சு."

"தெரிஞ்சுமா திரும்புனீங்க?"

"ஆமாம்மா. தோத்துட்டேன். அடுத்த மாசம் வந்துர்றேன்."

அவள் குரல் உடைந்துவிட்டது. "நீங்க தாண்டியிருந்தீங்கன்னா, வாக்காவது ஒண்ணாவது, அடுத்த பிளேன்ல வந்து இழுத்துட்டுப் போயிருப்பேன். எங்கப்பாவுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாது, அதான் இத்தன நாளா என் பயம். இப்ப தெரியும்னு தெரிஞ்சு போச்சு. அங்கயே இருங்கப்பா. மூணாம் மாடிக்கு மேல மட்டும் ஏறாதீங்க."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனிதர் யார்? "அதெல்லாம் முடியாதும்மா. தோத்தவன் தோத்தவன்தான். நான் வருவேன்" என்று ஆரம்பித்துவிட்டார். அவள் வராதீர்கள் என்கிறாள், இவர் வந்தே தீருவேன் என்கிறார். ஒரு வருடமாக இழுத்த வழக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது. பாய் தன் கடையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, நிறுத்தத் தெரியும்னு இப்பத்தான் மககிட்டப் பேரு வாங்குனீங்க. அஞ்சு நிமிசம்கூட ஆகல. அதுக்குள்ள கெடுத்துக்கணுமா?"

ஸ்குரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிம்மா" என்று மகளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, எண்ணெய்த் துணி மூட்டைகளை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய்விட்டார்.

இப்போது மூன்றாம் மாடிக்கு மேலே இருக்கிற ஃப்ரிட்ஜ்கள் கீழே இறங்கி வந்துதான் அவரைப் பார்க்க வேண்டும். போன வாரம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "நான் இல்லாதப்ப தெருவுல என்ன தங்கச்சி விசேசம்?" ஒன்றுமில்லை அண்ணே, வழக்கம்போலத்தான் என்றேன். எதிரே பூட்டிக் கிடந்த கதவைப் பார்க்கப் பொறுக்காமல், அந்தப் பதினாறு நாளும் நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது?